டேப்லெட்டில் வரைபவர் குவாஷ் பழக: செலவு, நேரம், சறுக்கும் இடங்கள்

ஒன்பது வருடமாகத் திரையில் மட்டுமே வரைந்துகொண்டிருந்தவள் நான். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம், அட்டைப்படம், அவ்வப்போது கல்யாணப் பத்திரிகை. போன வருடம் பழைய வாடிக்கையாளர் ஒருவர், காரைக்குடிப் பக்கம் இருக்கும் தங்கள் பூர்வீக வீட்டைக் கையால் வரைந்து தர முடியுமா என்று கேட்டார். பிரிண்ட் வேண்டாம், தாளில் வண்ணம் பூசி, பிரேம் போட்டு மாட்டுகிற மாதிரி வேண்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். வரையத் தெரியும், வண்ணம் தெரியும், அப்புறம் என்ன?

மூன்றாம் நாள், தண்ணீரில் கரைத்துப் பூசும் குவாஷ் வண்ணத்தில் திண்ணைத் தூணுக்கு நிழல் போடும்போது கீழே காய்ந்திருந்த மஞ்சள் கரைந்து மேலே வந்து, தூண் முழுக்கச் சேறாகிவிட்டது. என் இடது கை தானாகப் போய் இரண்டு விரலால் தாளைத் தட்டியது. ஐபேடில் அப்படித் தட்டினால் கடைசிக் கோடு மறைந்துவிடும். இங்கே விரலில் மஞ்சள் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அந்த ஒரு படத்துக்கு நான்கு தாளும் ஏழு வாரமும் போயின. வாங்கிய பொருளில் பாதியைத் தொடவே இல்லை. உங்களுக்கு அந்தச் செலவாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வரையச் சொல்லித்தரப் போவதில்லை, அது உங்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாதது ஈரம். எவ்வளவு தண்ணீர், எப்போது காயும், காய்ந்ததா இல்லையா என்ற கணக்கு திரையில் கிடையவே கிடையாது. கீழே உள்ளதில் பாதி அந்தக் கணக்கைப் பற்றித்தான்.

1. ஒரே ஒரு வண்ண வகையில் ஆரம்பியுங்கள்

வாட்டர்கலர் அழகானது. ஆனால் அது கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். வெள்ளை வேண்டிய இடத்தைத் தாளாகவே விட்டுவிட வேண்டும். வெளிர் நிறத்தில் தொடங்கித்தான் அடர் நிறத்துக்குப் போக முடியும். இருட்டை முதலில் அடித்துவிட்டு அதன்மேல் வெளிச்சத்தை வைத்துப் பழகிய நமக்கு இது தலைகீழ். எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்கில் ஆகும், டர்பன்டைன் வாசனையும் உண்டு. ஒற்றைப் படுக்கையறை வீட்டில் சரிப்படாது. அக்ரிலிக் நல்லதுதான், ஆனால் பிரஷ்ஷில் காய்ந்துவிட்டால் அந்த பிரஷ் அவ்வளவுதான்.

குவாஷ் நமக்குப் பொருந்தும். தண்ணீரில் கரையும், கீழே இருப்பதை மறைக்கும், இருட்டின்மேல் வெளிச்சத்தை வைக்கலாம், பளபளப்பில்லாமல் காயும் என்பதால் ஸ்கேன் செய்யவும் வசதி. பள்ளியில் வைத்திருந்த போஸ்டர் கலருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தொல்லை, காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் திரும்பக் கரையும். என் தூணைச் சேறாக்கியது அதுதான்.

கடையில் ஒரு கவனம். ‘அக்ரிலிக் குவாஷ்’ என்று ஒன்று உண்டு, பெட்டி ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அது காய்ந்தால் கரையாது, வண்ணம் கலக்கும் தட்டான பேலட்டிலும் பிரஷ்ஷிலும்கூடத்தான். பெட்டியில் ‘அக்ரிலிக்’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

2. வாங்க வேண்டியவை

முதலில் தாள். எல்லோரும் வண்ணத்தில் பணத்தைக் கொட்டிவிட்டுத் தாளில் மிச்சம் பிடிப்பார்கள், நானும் அப்படித்தான். சுமாரான வண்ணம் நல்ல தாளில் ஓரளவு நிற்கும். நல்ல வண்ணம் மோசமான தாளில் நிற்காது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள வாட்டர்கலர் தாள் வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி வளையும். பழகுவதற்குப் பருத்தி கலந்த சாதாரண ஏ4 பேட் போதும். ஆர்டர் வேலைக்கு மட்டும் 100 சதவீதப் பருத்தித் தாள். அதை 22×30 அங்குல முழுத் தாளாக வாங்கி எட்டாக வெட்டிக்கொண்டால் 11×7.5 அங்குலத் துண்டுகள் கிடைக்கும். பேடாக வாங்குவதைவிட பெரும்பாலும் மலிவு.

கோடு போட்டுப் பார்க்க, நிறம் தீற்றிப் பார்க்க கார்ட்ரிட்ஜ் தாள் என்ற சாதாரண வரைதாள் போதும். சென்னையில் இருந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு முழுக்கக் காகிதக் கடைதான், அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து வண்ணம். 48 நிறப் பெட்டியின் பக்கமே போகாதீர்கள். ஆறு டியூப் போதும்: எலுமிச்சை மஞ்சள், மெஜந்தா, அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா, வெள்ளை. வெள்ளை மற்றவற்றைவிட மூன்று மடங்கு வேகத்தில் தீரும், அதனால் பெரிய டியூபாக எடுங்கள். தனி டியூப் கிடைக்காத ஊரில் 12 நிறப் பெட்டியும் கூடுதலாக ஒரு வெள்ளையும்.

கப் கப்பாக ஜெல்லி மாதிரி வரும் பெட்டிகள் பார்க்க ஆசையாக இருக்கும். நான் வாங்கியதில் ஐப்பசி மழை முடிவதற்குள் பச்சையிலும் பழுப்பிலும் பூஞ்சை பூத்துவிட்டது. டியூபே வாங்குங்கள். தேன் சேர்த்துத் தயாரிக்கும் வண்ணங்களும் உண்டு; நம் ஊர் ஈரத்தில் அவை பிசுபிசுப்பாகவே கிடக்கும், எறும்பும் வரும். என் மேஜையில் வரிசை கட்டி வந்தன.

பிரஷ் மூன்று: உருண்டை முனையில் 4, 8 எண், தட்டையில் அரை அங்குலம். எல்லாம் சிந்தெடிக். அணில் முடி பிரஷ் நிறையத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், குவாஷுக்கு அது வேண்டாத குணம்.

பேலட்டுக்கு ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. நான் முதலில் இட்லித் தட்டை எடுத்தேன், குழி குழியாக வசதியாகத்தான் இருந்தது. ஆனால் எவர்சில்வரின் சாம்பல்மேல் எந்த நிறமும் அதன் உண்மை நிறத்தில் தெரியாது. மூன்று நாள் கழித்து அது அடுக்களைக்கே திரும்பிப் போனது. தாளை ஒட்டிவைக்கப் பிள்ளைகளின் பரீட்சை அட்டை, மாஸ்கிங் டேப், இரண்டு பழைய ஜாம் பாட்டில், கிழிந்த பருத்தி பனியன். இவ்வளவுதான்.

நான் வாங்கியபோது பேட் 550 ரூபாய், வண்ணம் வெள்ளையோடு சேர்த்து 900, பிரஷ் 480, டேப்பும் கார்ட்ரிட்ஜ் தாளும் 170. ஆக 2,100 ரூபாய். இதற்கு மேல் முதல் மாதத்தில் செலவு செய்திருந்தால் அது ஆசைக்குச் செய்த செலவு. நான் செய்தேன், 4,000 ரூபாய்க்கு. படத்தை நிறுத்தி வரையும் ஈசல் ஸ்டாண்டு ஒன்று இன்னும் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

3. டியூபில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள்

டியூபில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம். ‘ஸ்கை ப்ளூ’ ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு நிறம். பின்னால் பொடி எழுத்தில் நிறமியின், அதாவது வண்ணத்துக்கு நிறம் தரும் பொடியின், குறியீடு இருக்கும், அதுதான் ஆவணம். பிபி29 என்றால் அல்ட்ராமரின், பிபி15 என்றால் தாலோ நீலம், பிஆர்122 என்றால் மெஜந்தா, பிடபிள்யூ6 என்றால் டைட்டானியம் வெள்ளை. திரையில் ஒவ்வொரு நிறத்தையும் குறிக்கும் ஹெக்ஸ் கோடு நமக்கு எப்படியோ அப்படி.

குறியீடு ஒன்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நான்கு குறியீடு இருந்தால் ஏற்கெனவே கலந்த நிறம். அதோடு நீங்கள் இன்னொன்றைச் சேர்த்தால் சீக்கிரம் மண்ணாகிவிடும். குறியீடே இல்லாத டியூபைப் பழக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஹியூ’ என்று பெயரோடு ஒட்டியிருந்தால் அசல் நிறமிக்குப் பதில் மாற்று போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது மோசடி இல்லை, ஆனால் அசலின் விலை கொடுக்காதீர்கள். நல்ல கம்பெனிகளில் ‘சீரீஸ்’ எண் இருக்கும். எண் கூடினால் விலை கூடும். கோபால்ட், காட்மியம் எல்லாம் மேல் எண்ணில் இருக்கும், இப்போது வேண்டாம்.

வெயில் தாங்குமா என்பதும் அங்கேதான் எழுதியிருக்கும். பிஆர்83 என்ற பழைய அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளுக்கும். ஒளிரும் இளஞ்சிவப்புகள் அதைவிட மோசம். சுவரில் மாட்டப் போகும் படத்தில் இவற்றைத் தொடாதீர்கள்.

4. மேஜை, வெளிச்சம், காபி டம்ளர்

மஞ்சள் எல்இடி பல்புக்குக் கீழே வரையவே வேண்டாம். வெளிர் மஞ்சள் தாளோடு கரைந்துவிடும், நீலம் செத்துப்போகும். காலையில் பார்த்தால் வேறு படம். பகலில் நேர்வெயில் விழாத ஜன்னலோரம் நல்லது. இரவில் என்றால் 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் வெள்ளை டியூப்லைட்.

டேப்லெட்டைப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அந்த நிறத்தைப் பிடிக்கப் பார்ப்பதும் வேண்டாம். அது வெளிச்சம், இது பொடி. எவ்வளவு கலந்தாலும் தாள் மங்கலாகத்தான் தெரியும், நீங்களும் வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே போவீர்கள். மாதிரியை ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒன்று அழுக்கைக் கழுவ, ஒன்று சுத்தமாக. இரண்டும் வலக்கைப் பக்கம். காபி டம்ளர் அறைக்கு வெளியே. இந்தக் கடைசி வரியை அனுபவித்து எழுதுகிறேன். வண்ணம் கலந்த காபியைக் குடிக்கக் கூடாது. பிரஷ் முனையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கமும் கூடாது, சில நிறமிகள் நஞ்சு.

5. முதல் பத்து நாள் படம் வரையாதீர்கள்

இந்தப் படியைத்தான் நான் தாண்டிப் போனேன். எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார், முன்பு சினிமா பேனர் வரைந்தவர், இப்போது மகன் கடையில் உட்கார்ந்திருக்கிறார். கெட்டுப்போன இரண்டாவது தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். தாளைப் பார்க்கவில்லை, பிரஷ்ஷைக் கேட்டார். தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். பில் போடும் காகிதத்தின் பின்பக்கத்தில் ஒரு இழுப்பு இழுத்தார், நீளமாக ஒரு குட்டை ஓடியது.

“எவ்ளோ தண்ணி இருக்கு பாரும்மா பிரஷ்ல. உனக்கே தெரியாம ஊத்திட்டு இருக்க.”

“அண்ணே, கழுவிட்டுத்தானே தொடணும்?”

“கழுவு. கழுவிட்டு ஒத்தி எடு. ஒத்தாம வண்ணத்தைத் தொடாத.”

இவ்வளவுதான் பாடம். பிரஷ்ஷைத் தண்ணீரில் விட்ட ஒவ்வொரு முறையும் துணியில் ஒற்றிவிட்டு வண்ணத்தைத் தொடுங்கள். கைக்குப் பழக நான்கு நாள் ஆகும்.

பிறகு மூன்று பதத்தைப் பழகுங்கள். நீர்மோர் பதம்: தாள் ஊடே தெரியும், முதல் பூச்சுக்கு. தோசை மாவுப் பதம்: தாள் மறையும், இழுத்தால் தடமில்லாமல் பரவும், பெரும்பாலான வேலை இதில்தான். இட்லி மாவுப் பதம்: எடுத்த இடத்தில் நிற்கும், கடைசி வெளிச்சப் புள்ளிகளுக்கு மட்டும். இதற்கு மேல் கெட்டியாகப் பூசினால் காய்ந்ததும் வெடிக்கும். தினமும் ஒரு தாளில் மூன்று பதத்திலும் இரண்டு விரல் அகலப் பட்டைகளை இழுங்கள். நாற்பது நிமிடம் போதும்.

கூடவே காயும் நேரத்தை எழுதிவையுங்கள். என் நோட்டில், மே மாதம் மின்விசிறிக்குக் கீழே நீர்மோர்ப் பூச்சு காய 4 நிமிடம். நவம்பர் மழையில் அதே பூச்சுக்கு 18 நிமிடம். உங்கள் ஊர், உங்கள் அறை வேறு. எண்ணும் வேறாகத்தான் இருக்கும். காய்ந்ததா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலின் பின்பக்கத்தை மெல்ல வைத்துப் பாருங்கள், ஜில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

6. கலப்பது

திரையில் சுத்தமான நீலத்தையும் மஞ்சளையும் பாதிக்குப் பாதி கலந்தால் சாம்பல் வரும். தாளில் பச்சை வரும். திரை வெளிச்சங்களைக் கூட்டுகிறது. ஒவ்வொரு நிறமியும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்கிறது. அதனால் எத்தனை நிறம் சேர்க்கிறீர்களோ அத்தனை மங்கும். மூன்று டியூபுக்கு மேல் ஒரு கலவையில் சேர்க்காதீர்கள்.

ஒரே மஞ்சளோடு தாலோ நீலம் சேர்த்தால் வாழைக்குருத்துப் பச்சை, அல்ட்ராமரின் சேர்த்தால் பழைய பாசிப் பச்சை. அல்ட்ராமரினுக்குள் கொஞ்சம் சிவப்புச் சாயல் இருப்பதால் பச்சை தன் பளிச்சை இழக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு எனக்கு இரண்டுமே வேண்டியிருந்தது.

நிழலுக்குக் கறுப்பைச் சேர்ப்பது திரையில் வந்த பழக்கம், இங்கே அது காட்டிக்கொடுத்துவிடும். மஞ்சளில் கறுப்பைச் சேர்த்தால் இருண்ட மஞ்சள் வராது, ஆலிவ் பச்சை வரும். என் செட்டிநாட்டுச் சுவர் ஒரு மாலை முழுக்கப் பாசி பிடித்த சுவராக இருந்தது. அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் அருமையான அடர் சாம்பல் கிடைக்கும், நிழலுக்கு அதைத் தொட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் மேலே கறுப்பு டியூபை எழுதவில்லை.

வெள்ளைக்கும் ஒரு குணம் உண்டு. சிவப்பை வெளிறச் செய்ய வெள்ளையைச் சேர்த்தால் அது குளிர்ந்து மிட்டாய் இளஞ்சிவப்பாகும். சொட்டு மஞ்சளும் சேருங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய பொறி, காயும்போது நிறம் மாறுவது. குவாஷில் வெளிர் நிறங்கள் காய்ந்ததும் சற்று இருளும், அடர் நிறங்கள் சற்று வெளுக்கும். தட்டில் பார்ப்பது பொய். ஓரத்தாளில் ஒரு தீற்று, காயவிடுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். ஒரு பெரிய பரப்புக்குத் தேவைப்படும் என்று தோன்றுவதைப் போல இரண்டு மடங்கு கலந்து வையுங்கள். பாதியில் தீர்ந்தால் அதே நிறத்தை மறுபடி பிடிக்க முடியாது. வானத்தில் ஒரு ஒட்டுப்போட்ட மாதிரி நிற்கும்.

7. வரைவைத் தாளுக்கு மாற்றுவது

டேப்லெட்டைத் தூக்கி வைக்க வேண்டாம். அமைப்பு, வெளிச்சம் விழும் திசை எல்லாவற்றையும் அதிலேயே முடிவு செய்யுங்கள். பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, இருட்டு, நடு, வெளிச்சம் என்று மூன்றே தட்டாகச் சுருக்கி ஒரு பிரிண்ட் எடுங்கள். வண்ணம் குழப்பும்போது திரும்பிப் பார்க்க அதுதான் வரைபடம்.

மாற்றச் சுலபமான வழி, பிரிண்டின் பின்பக்கம் 4பி பென்சிலால் தேய்த்து, தாள்மேல் வைத்து, காலியான பால்பாயின்ட் பேனாவால் கோடுகளை அழுத்துவது. ரொம்ப அழுத்தினால் பள்ளம் விழும், வண்ணம் அதில் போய்த் தங்கும். படம் ஏ4-ஐவிடப் பெரிதானால் பேனர்க்காரர்கள் முறைதான்: மாதிரியில் கட்டம், தாளில் அதே விகிதத்தில் பெரிய கட்டம், கட்டம் கட்டமாகப் பார்த்து வரைவது. 300 ஜிஎஸ்எம் தாள் தடிமன், ஜன்னல் கண்ணாடியில் வைத்து நகலெடுக்கப் பார்த்துக் கையை வலிக்கவிடாதீர்கள்.

8. பூசும் வரிசை

நான்கு ஓரத்திலும் டேப் ஒட்டித் தாளைப் பரீட்சை அட்டையில் இறுக்குங்கள். முதலில் நீர்மோர்ப் பதத்தில் முழுத்தாளையும் மூடிவிடுங்கள், வானம் முதல் தரை வரை. வெள்ளைத்தாள் எங்கும் தெரியக் கூடாது. வெள்ளை கண்ணைக் கூச வைத்து மற்ற நிறங்களைத் தப்பாகக் காட்டும். காயட்டும். அடுத்து தோசை மாவுப் பதத்தில் பெரிய பரப்புகள், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு. கடைசியில் கெட்டியாகச் சின்ன விஷயங்கள்.

மேலே போகப் போகத் தண்ணீர் குறைய வேண்டும். இதுதான் என் தூண் கெட்ட இடம். காய்ந்த பூச்சின்மேல் நீர்த்த வண்ணத்தை வைத்தால் கீழே இருப்பது கிளம்பி வரும். கெட்டியாக எடுத்து, ஒரு இழுப்பில் வைத்து, கையை எடுத்துவிட வேண்டும். சரியாக வரவில்லையே என்று திரும்பத் திரும்பத் தடவும் கைதான் படத்தைக் கெடுக்கும். ஸ்டைலஸில் நூறு முறை தடவலாம், இங்கே இரண்டாவது தடவலே அதிகம்.

இரண்டு நிறம் ஒன்றோடொன்று மெல்லக் கரைய வேண்டிய இடம், உதாரணமாக வானம், இரண்டும் ஈரமாக இருக்கும்போதே முடிய வேண்டும். அதற்கு மின்விசிறியை நிறுத்துங்கள். முடிந்ததும் போடுங்கள். கோடையில் விசிறி ஓடினால் வானத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதற்குள் முதல் முனை காய்ந்து கோடு விழுந்துவிடும். ஹேர் டிரையர் என்றால் ஓரடி தள்ளிப் பிடியுங்கள், கிட்டே கொண்டுபோனால் குட்டையைத் தள்ளிக்கொண்டு போகும்.

வேலை முடிந்ததும் பிரஷ்களைப் பாட்டிலில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். முனை வளைந்துவிடும், பிடிக்குள் தண்ணீர் இறங்கி பெயின்ட் உரியும். கழுவி, ஒற்றி, படுக்கவைத்துக் காயவிடுங்கள்.

9. கெட்டுப்போனால்

முதலில் எதுவும் செய்யாதீர்கள். ஈரத்தில் திருத்தப் போனால் பெரிதாகும். காய்ந்த பிறகு, சுத்தமான ஈரப் பிரஷ்ஷால் அந்த இடத்தை மட்டும் நனைத்து, டிஷ்யூவால் அமுக்கி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பாதி வண்ணம் வந்துவிடும். காயவிட்டு, கெட்டியாக மேலே பூசுங்கள். ஒரே இடத்தில் இப்படி இரண்டு முறைதான் செய்யலாம். மூன்றாவது முறை தாள் பஞ்சு பஞ்சாகக் கிளம்பும்.

சில நேரம் தப்பு உங்களுடையது இல்லை. வண்ணம் பூசியதும் சீராகப் பரவாமல் புள்ளி புள்ளியாக உள்ளே இறங்கினால் ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சாமலிருக்கத் தாளுக்குப் போட்டிருக்கும் பசைப்பூச்சு செத்துவிட்டது என்று அர்த்தம். ஈரக்காற்றில் திறந்து கிடந்த தாளுக்கு இது வரும். கடலோர ஊர்களில் அதிகம். மூன்றாவது தாள் எனக்குப் போனது இப்படித்தான். தள்ளுபடியில் வாங்கியது, எத்தனை காலம் கடையில் கிடந்ததோ. ஒரேயடியாக நிறைய வாங்கிக் குவிக்காமல், வாங்கியதை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், புது செருப்புப் பெட்டியிலோ மருந்து டப்பாவிலோ வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பூசுவதற்கு முன் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது ஐந்து நொடி வேலை.

10. ஆர்டர் எடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

குறைந்தது பத்துப் படமாவது முடிக்காமல் காசு வாங்கி வரையாதீர்கள். சின்னப் படங்களாக எடுத்துக்கொண்டு தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு மாதத்தில் பத்து படம் வரும்.

திரையில் 5 மணி நேரத்தில் முடிக்கும் படம் ஏ4 குவாஷில் எனக்கு 20 மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறது, காயும் நேரம் தனி. நான் திரைக் கணக்கில் விலை சொல்லிவிட்டேன். நீங்கள் நேரத்தை நான்கு ஐந்து மடங்காக்கி, அதோடு கெட்டுப்போகும் ஒரு தாளின் விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் தேதியை இரண்டு வாரம் தள்ளிக் கொடுங்கள்.

வண்ணத்தைத் தொடும் முன், டேப்லெட்டில் செய்த வரைவை அனுப்பி, “இதன்படி வரையலாம்” என்று மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். நம்மிடம் பழகிய வாடிக்கையாளர்களுக்கு, மரத்தைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துங்கள் என்று கடைசி நாளில் சொல்லிப் பழக்கம். அதே மின்னஞ்சலில் அளவு, தாள், தொகை, பாதி முன்பணம், தேதி, வண்ணம் தொடங்கிய பிறகு மாற்றம் கிடையாது என்பது எல்லாம் இருக்கட்டும்.

இன்னொன்று ரொம்பப் பேருக்குத் தெரியாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17, உட்பிரிவு பி-யின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் பதிப்புரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். அதாவது அந்தப் படத்தை நீங்கள் பின்னால் வாழ்த்து அட்டையாகப் போட நினைத்தால் அவருடைய அனுமதி வேண்டியிருக்கும். உரிமை உங்களிடம் இருக்க வேண்டுமென்றால், “அசல் ஓவியம் மட்டும் உங்களுக்கு, பதிப்புரிமை என்னிடம்” என்ற ஒரு வரியை அந்த மின்னஞ்சலிலேயே எழுதி, சம்மதம் வாங்கிவிடுங்கள். யாரும் பணம் கொடுத்துக் கேட்காமல் நீங்களாக வரைந்து பிறகு விற்ற படத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் உரிமை உங்களுடையதே.

11. ஸ்கேன், பிரேம், அனுப்புதல்

கொடுப்பதற்கு முன் 600 டிபிஐ-யில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். முழுதாகக் காய ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் ஒட்டும். ஸ்கேனருக்குள் அடங்காத படத்தை, காலை பத்து மணி வாக்கில் நிழலில், பிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் படம் எடுங்கள். வெள்ளையைச் சரிசெய்ய அது உதவும். அதற்கு மேல் திருத்துவது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குவாஷ் படத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டு அனுப்பாதீர்கள், கெட்டியான இடங்கள் வெடித்து உதிரும். மேலே பட்டர் பேப்பர், பிளாஸ்டிக் உறை, இரண்டு பக்கமும் ஃபோம் போர்டு, தட்டையாக. பின்பக்கத்தில் பென்சிலால் உங்கள் பெயர், வருடம், தாள், வண்ணம், ‘தண்ணீர் படக் கூடாது’ என்று எழுதுங்கள். வார்னிஷ் அடிக்க வேண்டாம், நிறம் எல்லாம் இருண்டுவிடும். கண்ணாடி போட்ட பிரேம்தான் அதற்குக் காப்பு.

பிரேம் நீங்களே போட்டுக் கொடுப்பதாக இருந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். சாமி படத்துக்குப் பிரேம் போடும் கடைகளில் படத்தின் பின்னால் பசை தடவி ஹார்டுபோர்டில் அப்பி ஒட்டுவதுதான் வழக்கம். பிரிண்டுக்கு அது சரி. நம் தாளுக்குப் பசையின் ஈரமே போதும், வண்ணம் கிளம்பிவிடும். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் போர்டு, அதாவது ஜன்னல் மாதிரி வெட்டிய தடித்த அட்டை, வைக்கச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் கண்ணாடியில் ஒட்டாமல் இருக்கும்.

“ஒட்டாம எப்படி மேடம் நிக்கும்? நாளைக்கு சரிஞ்சுருச்சுன்னா என்னையத்தான் கேப்பாங்க” என்றார் நான் போன கடைக்காரர். தாளின் மேல்விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் காகித டேப்பால் தொங்கவிடச் சொன்னேன். நம்பிக்கையே இல்லாமல் ஒட்டினார். பிரேமின் பின்பக்கம் ஆணி அடித்து முடிக்கும்வரை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்தேன்.